மியூசிக் போனும் இலவச மெமரி கார்டும்: ஹட்டன் பக்கம் போன் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

போன தீபாவளிக்கு முதல் வாரம் இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டன் டவுனில் ஒரு கடையில் ‘மியூசிக் போன்’ என்று ஒன்றை 38,500 ரூபாவுக்கு வாங்கினேன். கடைப் பெயரைப் போட்டால் அதற்கு வேறு சண்டை வரும், போடவில்லை. காசில் பாதி அம்மா தோட்டத்தில் எடுத்த தீபாவளி முற்பணம், அதனால்தான் வயிறு இன்னும் எரிகிறது.

எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், சிக்னல் என்பது கோயில் மேட்டுக்கு ஏறினால் கிடைக்கிற சாமான். மழை மூடிவிட்டால் அதுவும் இல்லை. நெட்டில் பாட்டு கேட்கிற கதையே இங்கே கிடையாது, கார்டில் ஏற்றிய பாட்டும் எஃப்எம்மும்தான். இதைக் கடைப் பையனிடம் தெளிவாகச் சொன்னேன். “அண்ணே, உங்களுக்கென்றே செய்த போன் இது, 128 ஜிபி கார்டும் ஃப்ரீ, பாட்டெல்லாம் நிரப்பியே தாறேன்” என்றான். எஃப்எம் இருக்கா தம்பி என்று கேட்டேன். இருக்கு என்று திறந்து காட்டினான், பாட்டும் ஓடியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அது டேட்டாவில் ஓடுகிற ஆப். கடையில் வைஃபை இருந்ததால் பாடியிருக்கிறது. போனுக்குள் எஃப்எம் இருந்தால் அது இயர்போன் வயரையே ஏரியலாக எடுத்துக்கொண்டு டேட்டா இல்லாமல் பாடும். கடையிலேயே டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டுப் போடச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே குட்டு உடைந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

மியூசிக் போன் என்ற பேச்சு நேற்று வந்ததில்லை. 2005இல் சோனி எரிக்சன் டபிள்யூ800 வாக்மேன் பெயரோடு வந்தது. 2008இல் நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ் மியூசிக். மாமா ஒருவர் அதை வைத்திருந்தார், உண்மையாகவே இரண்டு ஸ்பீக்கர், சாதாரண 3.5 மில்லிமீட்டர் இயர்போன் துளை, பெட்டிக்குள்ளேயே 8 ஜிபி கார்ட். அந்த நினைப்பில்தான் நானும் ஏமாந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கிய போனிலே அடியில் இரண்டு பக்கமும் சல்லடை மாதிரி ஓட்டை இருக்கிறது, ஆனால் ஸ்பீக்கர் ஒரு பக்கம்தான், மற்றது மைக்குக்கும் அழகுக்கும். விரலால் ஒவ்வொன்றாக அடைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். சத்தம் பெரிசுதான், அதை மறுக்கவில்லை. முக்கால்வாசிக்கு மேல் கூட்டினால் தப்பு மேளத்தின் சத்தம் தகர டப்பாவைத் தட்டுவது போல வரும்.

இயர்போனுக்குத் தனித் துளை கிடையாது, டைப் சி மட்டும். கூட வந்த இயர்போன் இரண்டாம் மாதமே ஒரு பக்கம் செத்தது. பழைய இயர்போனைப் போடலாம் என்று 450 ரூபாவுக்கு கன்வேர்ட்டர் வாங்கினால் சத்தமே வரவில்லை. சில போன்கள் டைப் சி வழியாக டிஜிட்டலாக மட்டும்தான் ஒலியை வெளியே விடும், அதைப் பாட்டாக மாற்றுகிற சிப் கன்வேர்ட்டருக்குள்ளேயே இருக்க வேண்டுமாம், மலிவானதில் வெறும் வயர்தான். பற்றரி மட்டும் நல்லது, இரண்டு நாள் நிற்கும்.

இதெல்லாம் போகட்டும். கார்டுக்கு வருகிறேன்.

மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து, மதன் என்கிற காமனும் ரதியும் வருகிற கதையை இரவு முழுக்கப் பாடி ஆடுவது. பெரியப்பாதான் பாட்டு. தொண்டை போய்க்கொண்டிருக்கிறது, இதுதான் கடைசி என்று முன்னமே சொல்லிவிட்டார். மியூசிக் போன் கையில் இருக்கிறதே என்று இரவு முழுக்க, ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கோப்பாக, உயர்ந்த தரத்தில் கார்டிலேயே ரெக்கோர்ட் பண்ணினேன். காலையில் பார்த்தால் ஆறு கோப்பு, பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது. முதல் இரண்டு ஓடுகிறது, மூன்றாவது பாதியில் நிற்கிறது, மற்றவை திறக்கவே மாட்டேன் என்கிறது.

கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிற நண்பன் கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தான். 128 ஜிபி என்று காட்டுகிற கார்டில் உண்மையில் இருந்தது 8. கார்டுக்குள் இருக்கிற சிப்பைப் பொய் சொல்லும்படி மாற்றிவிடுகிறார்கள், போனும் அதை அப்படியே நம்பும், இடம் தீர்ந்த பிறகும் எழுதுவதாகவே காட்டும், எழுதியது எங்கேயும் இருக்காது. கணக்குப் போட்டால் புரிகிறது: கடைக்காரன் நிரப்பித் தந்தது சுமார் 1,300 பாட்டு, பாட்டுக்கு 5 எம்பி என்றால் 6.5 ஜிபி, மிச்சம் ஒன்றரை ஜிபி. என் ரெக்கோர்டிங் நிமிடத்துக்கு 10 எம்பி, மணிக்கு 600. இரண்டரை மணித்தியாலத்தில் கார்ட் நிறைந்துவிட்டது. மீதி காற்றில் போனது.

கடைக்குப் போனேன். “கார்ட் ஃப்ரீயாத் தந்தது அண்ணே, அதுக்கு வாரண்டி இல்லை” என்றான் அதே பையன். முதலாளி தலை நிமிரவே இல்லை. பில் கையெழுத்தில் எழுதியது, ‘போன் 1’ என்று மட்டும், மாடலும் இல்லை, ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கிற ஐஎம்இஐ எண்ணும் இல்லை. அந்தச் சந்தேகத்தில்தான் *#06# அடித்து வந்த 15 இலக்கத்தை, முன்னால் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் போட்டு ஒரு இடைவெளி விட்டு, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் போன் பதிவாகியிருக்கிறதா என்று அதில் பதில் வரும். என்னுடையது பதிவில் இல்லை. காசு கொடுக்க முன்னம் கடையில் நின்றே செய்திருக்க வேண்டிய வேலை. நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கும் கோல் எடுத்துவிட்டேன், எழுத்தில் புகார் கொடுக்கப் போகிறேன், அந்த ஒற்றை வரிப் பில்லை வைத்து எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்போம்.

கார்ட் வாங்கினால், இலவசமாகத் தந்தாலும் சரி, முதல் நாளே கம்ப்யூட்டரில் போட்டு முழுக்க நிரப்பிச் சோதித்துவிட்டு அப்புறம் உங்கள் சாமானை ஏற்றுங்கள்.

இன்னொன்று. என்னிடம் இருக்கிற ரெக்கோர்டிங் ரதியும் மதனும் ஆடுகிற இடத்தில், தூதன் வந்த கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. அன்றைக்கு இரவு அங்கே நின்ற யாராவது போனில் எடுத்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். மதன் எரிந்த பிறகு பெரியப்பா பாடிய ரதி புலம்பல் மட்டும் இருந்தாலும் போதும், சத்தம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை.