அப்சொல்யூட் வரிசை: உடைமை இழந்த நாயகர்கள்

அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான டிசி 2024 அக்டோபரில் தொடங்கிய அப்சொல்யூட் என்னும் காமிக்ஸ் வரிசையில், பேட்மேன், வொண்டர் வுமன், சூப்பர்மேன் ஆகிய மூவரும் தத்தம் உடைமையையோ உறவையோ இழந்த நிலையில் புதிதாகப் படைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த இழப்பு கதையின் போக்கை மாற்றுகிறதா, வெறும் அறிமுகக் குறிப்பாக நின்றுவிடுகிறதா என்பதை வைத்தே இவ்விதழ்களை எடைபோட விரும்புகிறேன்.

ஸ்காட் ஸ்னைடர் எழுத, நிக் டிராகோட்டா வரையும் பேட்மேனில் நாயகன் புரூஸ் வேய்ன் கோடீஸ்வரர் அல்லர், பொறியாளர். தாய் மார்த்தா உயிரோடு இருக்கிறார். மார்பில் உள்ள வௌவால் சின்னத்தையே கழற்றிக் கோடரியாக்கும் முதல் இதழின் வேகம் ரசிக்கத்தக்கது. ஆனால், மாளிகையும் செல்வமும் இல்லாதவர் எப்படிச் சமாளிப்பார் என்று நாம் தவிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் கதவளவு அகன்ற உடம்பு ஒன்று வந்து நின்று சிக்கலை முடித்துவைக்கிறது. முன்பு பணம் பார்த்த வேலையை இப்போது தசை பார்க்கிறது. வில்லன் பிளாக் மாஸ்க் எனக்குச் சலிப்பூட்டினார். பிற கதைகளில் பகைவர்களாக நாம் அறிந்த ஆஸ்வால்ட் (பெங்குவின்), வேலன் ஜோன்ஸ் (கில்லர் கிராக்) போன்றோர் இங்கே புரூஸின் இளமைக்கால நண்பர்களாக இருப்பதுதான் உண்மையான கூர்மை.

கெல்லி தாம்சன் எழுதும் வொண்டர் வுமன் இவ்வளவு எளிதாகத் தப்பித்துக்கொள்வதில்லை. அமேசான்கள் என்னும் வீரப் பெண்கள் இனத்திடமிருந்து பிரிக்கப்பட்டு, நரகத்தில் சூனியக்காரி சர்சியால் வளர்க்கப்படும் நாயகி டயானாவுக்கு, தன் இனத்தின் பெயர்கூட மறுக்கப்பட்டிருக்கிறது. எனினும் அவர் கசப்பானவராக வளராமல், எலும்பும் சிறகுமாய்ப் பறக்கும் குதிரையிடமும் அன்பு காட்டுபவராக வளர்வதைத் தாம்சன் விளக்கவுரை எதுவுமின்றி, சர்சியோடு அவருக்குள்ள தாய்–மகள் உறவின் வழியே உணர்த்திவிடுகிறார். நரகத்தில் வந்து சிக்கிய மனிதர் ஸ்டீவ் டிரெவரை மண்ணுலகுக்கு மீட்டனுப்பத் தன் கையையே பலியிடும் பகுதியில், இழப்பு என்பது நாயகி தானே எடுக்கும் முடிவாகவே மாறுகிறது. ஹேடன் ஷெர்மனின் பக்க அமைப்பும் ஜோர்டி பெல்லேரின் வண்ணமும் அந்த முடிவின் கனத்தைக் குறைக்காமல் தாங்குகின்றன; சண்டைக் காட்சிகளில் மட்டும் கட்டங்கள் நெருக்கியடித்து, கண் எங்கே செல்ல வேண்டும் என்று ஓரிரு முறை தடுமாறியது.

ஜேசன் ஆரன் எழுத, ரஃபா சாண்டோவல் வரையும் சூப்பர்மேனில், நாயகன் பிறந்த கிரகமான கிரிப்டான் ஒரு வர்க்கச் சமூகம். அவர் பிறந்த எல் குடும்பம் அதன் உழைப்பாளர் பக்கத்தில் நிற்கிறது. கருத்து வலுவானது என்றாலும், கிரிப்டானுக்கும் பூமிக்கும் மாறி மாறித் தாவும் கதையை மாதம் ஓர் இதழாக வாசிக்கையில் இழை அறுந்துபோகிறது. இதைத் தொகுப்பு நூலாக வாசிப்பதே நல்லது.