சன்ரூஃப் ரிப்பேர் கிட் வாங்குமுன்

கார் கூரையில் திறந்து மூடும் சன்ரூஃப் கண்ணாடி கோணலாக வந்து பாதியில் நிற்கிறதா? ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு மறுபக்கம் அசையாமல் கிடக்கிறதா? அப்படியென்றால் மட்டும் கிட்டுக்குப் பணம் போடலாம். பெட்டிக்குள் பொதுவாக இருப்பவை இடது, வலது தூக்கு பிராக்கெட்களும் ரெயிலுக்குள் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் ஷூக்களும்தான். மோட்டார் வராது, கண்ணாடியை இழுக்கும் கேபிளும் பெரும்பாலும் வராது.

முழுக்க மூடிய கண்ணாடி உடனே தானாகத் திறந்துகொள்கிறது என்றால் கோளாறு வேறு. விரல் சிக்காமலிருக்க வைத்த பாதுகாப்பு, உராய்வு கூடியதையே தடை என்று எடுத்துக்கொண்டு மோட்டாரைத் திருப்பி ஓட்டுகிறது. ரெயிலைத் துடைத்து, கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பருக்குச் சிலிகான் கிரீஸ் தடவி, கையேட்டில் சொன்னபடி ஸ்விட்சை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தாலே பல வண்டிகளில் சரியாகிவிடும். இதற்குப் போய் கிட் வாங்குவது வீண்.

ஷூ உடைவதற்கு வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது. காய்ந்த கிரீஸும் தூசியும் சேர்ந்து பசையாகி ரெயிலை இறுக்கும். அந்த இழுப்பையெல்லாம் சின்ன பிளாஸ்டிக் துண்டு தாங்க வேண்டும். ஆகவே உலோக பிராக்கெட் என்ற விளம்பரத்தைவிட ஷூவின் தரத்தைப் பாருங்கள். ஷூவும் உலோகமாக இருந்தால் வேண்டவே வேண்டாம். அலுமினிய ரெயிலை அது அரித்துவிடும். மலிவு கிட்களில் வார்ப்பு ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய அரத்தால் அதை எடுத்துவிட்டு, வெறும் ரெயிலில் கையால் தள்ளிப் பாருங்கள். தடங்கலின்றி ஓட வேண்டும், பக்கவாட்டில் ஆடவும் கூடாது.

பொருத்தும் வேலையில் கண்ணாடியைக் கழற்றுவது சுலபம். பல வண்டிகளில் பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று டி25 டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) திருகுகள்தான். திருகு இருந்த இடத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு, இரண்டு பேராக மேல்பக்கம் தூக்குங்கள். ரூஃப் லைனிங்கை (கூரையின் உள்பக்க உறையை) இறக்க வேண்டியிருந்தால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது அங்கேதான் ஒளிந்திருக்கும். பழைய பிராக்கெட் ரிவெட் அடித்ததாக இருக்கலாம். மாற்று ரிவெட் பல கிட்களில் இருப்பதில்லை, அதைப் பெட்டியில் எழுதுவதுமில்லை.

சொதப்புவது இரு பக்கத்தையும் ஒத்துப்போக வைக்கும் இடத்தில். ஒரே பல்சக்கரம்தான் இரண்டு கேபிள்களையும் ஓட்டுகிறது. ஒன்று ஒரு பல் தாண்டியிருந்தாலும் கண்ணாடி கோணும், புது ஷூவும் சீக்கிரம் போய்விடும். மோட்டாரைக் கழற்றுங்கள். ரெயிலின் முன்முனையிலிருந்து இரண்டு பிராக்கெட்டும் ஒரே தூரத்தில் நிற்கும்படி கையால் தள்ளி, ஸ்கேலால் அளந்து, மூடிய நிலையில் வைத்தபிறகே மோட்டாரை மாட்டுங்கள். மோட்டாரும் மூடிய நிலையில்தான் இருக்க வேண்டும். பிறகு ரீசெட். பல கிட்களின் குறிப்புத்தாளில் இந்தப் பகுதியே காணோம். பெரிய குறை இது.

கண்ணாடியின் முன்விளிம்பு கூரை மட்டத்திலோ சுமார் 1 மி.மீ. தாழ்ந்தோ, பின்விளிம்பு மட்டத்திலோ 1 மி.மீ. உயர்ந்தோ இருப்பது பொதுக் கணக்கு. முன்பக்கம் எழும்பினால் காற்று ஊளையிடும். பீடிங்கில் காகிதத் துண்டைச் செருகி இழுத்தால் சுற்றிலும் ஒரே இறுக்கம் தெரிய வேண்டும். திருகுகளைக் கையாலேயே முடுக்குங்கள், பவர் டூல் வேண்டாம்.

கண்ணாடி வெளியே இருக்கும்போதே மூலைகளில் உள்ள வடிகால் துளைகளில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் சொட்டவில்லையா? மெல்லிய நைலான் கம்பியை விட்டுக் குடையலாம். கம்ப்ரசர் காற்றை அழுத்தி அடித்தால் டியூப் உள்ளேயே கழன்றுவிடும். அப்புறம் மழைத்தண்ணீர் கால்மிதிக்குத்தான் வரும்.

கேபிள் பிரிந்திருந்தாலோ ரெயில் வளைந்திருந்தாலோ இந்தக் கிட்டால் பயனில்லை, பல வண்டிகளில் முழு ஃபிரேமையும்தான் மாற்ற வேண்டியிருக்கும்.