பென்னைன் வே: காலடியில் கிடக்கும் உழைப்பு
இங்கிலாந்தின் பென்னைன் வே நடைபாதையில் பிளாக் ஹில் பகுதியை நடந்து முடித்தோம், ஷூ கிட்டத்தட்ட காய்ந்தே இருந்தது. 1965-இல் திறந்த, சுமார் 430 கிலோமீட்டர் நீளப் பாதை இது. முன்பெல்லாம் இந்த இடத்தில் கறுப்புச் சதுப்பில் முழங்கால் வரை புதைவார்களாம். இப்போது மூடிப்போன பஞ்சாலைகளின் தரைக்கற்களை ஹெலிகாப்டரில் தூக்கி வந்து வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். சில கற்களில் இயந்திரம் பூட்டிய துளைகள் அப்படியே இருக்கின்றன, குனிந்து ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தேன். அப்புறம், மழைநீர் பாதையை அரிக்காமல் ஓரமாக இறக்கிவிடும் சின்ன வாய்க்கால்கள். ஒன்றில் மண்வெட்டித் தடம் புதிதாக இருந்தது, அள்ளிப்போட்ட சேறுகூட இன்னும் காயவில்லை, ஆளை மட்டும் காணவில்லை. ஐந்து நட்சத்திரமும் அவருக்கே. கட்டணம் கிடையாது. மழையில் கல் வழுக்கும், மெதுவாக நடங்கள்.