டைனிங் டேபிள் வாங்கப் போறவங்க படிங்க: 46,500 ரூபாய் போச்சு

பெங்களூருல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடைப் பேரை இங்க போடல, புகார் போயிட்டிருக்கு. பல மாடி ஏசி ஷோரூம், வாசல்ல வருஷம் முழுக்க ‘ஃபேக்டரி விலை’ பேனர், அந்த ரகம். ஷீஷம் (ஈட்டி வகை மரம்)னு சொல்லி வித்த, ஆறு பேர் உட்கார்ற டேபிள், ஆறு நாற்காலி, 46,500 ரூபாய், முழுசும் முன்பணம். என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசில சுருக்கமா சொல்றேன்.

விக்கிற பையன் தமிழ். “நம்ம ஊர்க்காரங்கண்ணா, உங்களுக்குப் போய் மட்டமானதைத் தருவேனா”ன்னு கையில ஒரு ஷீஷம் கட்டையைக் கொடுத்தான். அந்தக் கட்டை அசல்தான். டேபிள் மேல தண்ணியைக் கொட்டித் துடைச்சான், தட்டிக் காட்டினான், “தூக்கிப் பாருங்க, என்னா கனம்”னான். இதுல எதுவுமே சோதனை கிடையாது. தண்ணி இறங்காம நின்னது மேல அடிச்ச பாலிஷால. கனமா? பொடியாக்கின மரத்தைப் பசை போட்டு அழுத்தின எம்டிஎஃப் பலகையும் கிட்டத்தட்ட ஷீஷம் கனம் வரும்.

வந்து இறங்கினது எம்டிஎஃப் பலகை. மேல மெல்லிசா வெனீர்னு ஒரு மரத் தோல், ஓரத்துல மட்டும் நிஜ மரச் சட்டம் ஒட்டி மறைச்சிருக்கு. அந்தச் சட்டம் சேர்ற இடுக்குல தினம் துடைக்கிற ஈரம் இறங்கி, பலகை ஊறின ரஸ்க் மாதிரி உப்பிடுச்சு. நாற்காலி அதைவிட மோசம். துளைக்குள்ள சொருகற கழுந்து இல்ல, இருக்கைக்கு அடியில மூலைக் கட்டை இல்ல, வெறும் பசையும் ஸ்டேப்ளர் பின்னும். சாய்ஞ்சா பின்கால் ஆடுது.

கேட்டா, “பெங்களூரு கிளைமேட் சார், மரம்னா அப்படித்தான்.” மரம் ஈரத்துக்கு அகலத்துல விரியும், வளையும், நார் வாக்குல வெடிக்கும். ஓரம் தடிச்சுப் பொலபொலன்னு உதிராது! அப்புறம் “டெக்னீஷியன் வருவார்”, வரல. “மேனேஜர் மாறிட்டார்.” வாட்ஸ்அப்ல நீல டிக், பதில் இல்ல. கடைசில பில்லைக் காட்டறாங்க: ‘ஷீஷம் ஃபினிஷ்’. நிறம் மட்டும்தான் ஷீஷமாம். வாரண்டி கரையானுக்கு மட்டுமாம். சாயத்துக்கு 46,500 ரூபாய்!

விவரமா எழுத இப்போ பொறுமை இல்ல. டேபிளுக்கு அடியில குனிஞ்சு, டார்ச் அடிச்சு, கால் போல்ட் துளையைப் பாருங்க. மரம்னா நார் தெரியும், எம்டிஎஃப்னா நார் இல்லாத பழுப்புத் தூள் உதிரும். மேல ஓடற ரேகை ஓரம் வரைக்கும் வந்து வெட்டு முகத்துல தொடரணும். பில்லுல பலகை, கால், நாற்காலி தனித்தனியா என்ன மரம், ‘சாலிட் உட்’னு எழுதி வாங்குங்க. பாதிப் பணத்தை டெலிவரி பார்த்தப்புறம் கொடுங்க. டேபிள் 30 அங்குல உயரம்னா இருக்கை 18 இருக்கணும், அதையும் அளந்துடுங்க.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் கொடுத்தாச்சு. மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிச்சிடாதீங்க.