கேபிளா, வைஃபையா?

வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மொட்டைமாடியில் தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டைக் கணினியோடு இணைக்க, என் தேர்வு கேபிள்தான்.

வைஃபையில் வயர் காலில் சிக்காது, அது பெரிய நிம்மதி. ஆனால் ஸ்கைவாட்சர் நிறுவனத்தின் வைஃபை அடாப்டர் உருவாக்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் வலையமைப்பு. அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அதே அலைவரிசையில்தான் மொய்க்கின்றன. இணைப்பு அறுந்தால் காரணம் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு. அடாப்டரின் வலையமைப்பில் இணையம் இல்லையென்று மடிக்கணினி தானாகவே வீட்டு வைஃபைக்குத் தாவிவிடுவதும் உண்டு. முதலில் அந்தத் தானியங்கி இணைப்பை நிறுத்துங்கள்.

கேபிளில் கோளாறு கையில் அகப்படும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், கேபிளுக்குக் கணினி தரும் காம் (COM) எண்ணே காணவில்லையா? கேபிள் அல்லது டிரைவர். மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 10 என்ற பிழை வந்தால், யூஎஸ்பி கேபிளுக்குள் இருப்பது பெரும்பாலும் பழைய அல்லது போலி ப்ரொலிஃபிக் சிப். பம்பலப்பிட்டிக் கடைகளில் எஃப்டிடிஐ சிப் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். எண் இருந்தும் மவுண்ட் அசையவில்லையென்றால், மென்பொருளிலும் அதே எண்தானா, மவுண்டை இயக்கும் கைக்கருவி வழி இணைத்தால் தரவு வேகம் 9600தானா என்று பாருங்கள். யூஎஸ்பி துளையை மாற்றினாலே காம் எண் மாறிவிடலாம். கடற்காற்றில் பின்களில் களிம்பும் ஏறும், துடையுங்கள்.

கைக்கருவிக்கான, கூடுதல் வோல்ட்டில் இயங்கும் ஆர்எஸ்232 கேபிளை மட்டும் மவுண்டில் நேராகச் செருகாதீர்கள். மவுண்டின் துளை தாங்குவது 5 வோல்ட் அளவுதான், போர்டே போய்விடும்.