பழைய யமஹா எஃப்310: ஆறாயிரத்துக்குள்ள கிடார் தேடுறவங்க படிங்க

ஆறாயிரம் ரூபாதான் இருக்கு, கிடார் கத்துக்க ஆரம்பிக்கணும், எது வாங்கலாம்னு யார் கேட்டாலும் நான் சொல்றது ஒன்னுதான், செகண்ட் ஹேண்ட்ல ஒரு யமஹா எஃப்310 தேடுங்க. கிடைக்கலைன்னா எஃப்280. ரெண்டும் சிக்கலைன்னா கொஞ்ச நாள் பொறுங்க, எப்படியும் எவனாவது விக்க வருவான். அதே காசுக்கு ஆன்லைன்ல புதுசா, பளபளன்னு, பேக்கு பெல்ட்டு பிக்கு எக்ஸ்ட்ரா ஸ்ட்ரிங்குன்னு காம்போவா ஒரு கிடார் வரும், மனசு அங்க போகும், போகத்தான் செய்யும், ஆனா அந்த விலைல வர்றதுல பாதிக்கு மேல கழுத்துக்குள்ள அத நேரா வெக்கற கம்பி, அதான் ட்ரஸ் ராட், உருப்படியா வேலை செய்யுதான்னே தெரியாது, நாலு மாசம் கழிச்சு ஸ்ட்ரிங் ஃப்ரெட்ட (கழுத்துல குறுக்க பதிச்சிருக்கற உலோக கம்பி) விட்டு மேல ஏறி நிக்கும், அமுக்கி அமுக்கி விரல் புண்ணாகி "நமக்கு இதெல்லாம் வராது"ன்னு மூலைல சாத்திடுவாங்க.

அக்கா பொண்ணு இந்த வருஷம் காலேஜ் சேந்தா. "மாமா கிடார் வேணும், ஆனா அம்மா பட்ஜெட் ரொம்ப கம்மி"ன்னு வந்து நின்னா, அவளுக்காக வாங்கின எஃப்310 பத்திதான் இந்த ரிவ்யூ. சில மாசம் வாசிச்சாச்சு, நானும் அப்பப்ப புடுங்கி வாசிக்கிறேன்.

முதல்ல ஏன் இந்த மாடல்னு சொல்லிடறேன். எஃப்310 யமஹாவோட என்ட்ரி லெவல் அக்கூஸ்டிக், இந்தோனேசியால பண்றது, மேல் பலகை ஸ்ப்ரூஸ் ப்ளை (மெல்லிசு மரத்தகடுங்கள ஒட்டினது), பின்பக்கமும் சைடும் மெரான்டி மரம், கழுத்து நாட்டோ மரம். ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிர்ற நீளம், 634 மில்லிமீட்டர், நட்கிட்ட, அதாவது தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற சின்ன கட்டைகிட்ட, அகலம் 43. பெருசா பீத்திக்க ஒன்னும் இல்ல, ஆனா எத்தனை பீஸ் எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், அதுதான் இதுல முக்கியம். பழசு வாங்கறப்ப பெயின்ட்டும் டிசைனும் யாருக்கு வேணும், கழுத்து நேரா இருக்கா, ஃப்ரெட் சரியான இடத்துல இருக்கா, அவ்ளோதான். யமஹால அந்த ரெண்டும் ஃபாக்டரிலயே ஒழுங்கா வந்திருக்கும்னு நம்பி போகலாம். (வீட்ல என் மாமா ஒருத்தர் "பைக் கம்பெனி எப்பய்யா கிடார் பண்ண ஆரம்பிச்சான்?"னு கேட்டார். அவங்க 1887ல ஆர்கன்ல ஆரம்பிச்ச ஆளுங்க, பைக் கம்பெனியே 1955லதான் தனியா வந்துச்சு. ஆர்எக்ஸ் 100 டேங்க்ல இருக்கற அந்த லோகோவே மூணு ட்யூனிங் ஃபோர்க்தான்னு சொன்னதுக்கு அவர் நம்பவே இல்ல.)

ப்ளை டாப்னு சொன்னதும் சில பேர் மூஞ்சிய சுளிப்பாங்க, சாலிட் டாப் (ஒட்டாத முழு மரப்பலகை) இல்லாம கிடாரான்னு. சவுண்டுக்கு சாலிட் டாப் நல்லதுதான், மறுக்கல. ஆனா திருவான்மியூர்ல கடல் காத்து அடிக்கற வீட்ல, பேன் மட்டும் ஓடற ரூம்ல, கேஸ் கூட இல்லாம கட்டில் மேல கிடக்கப்போற கிடாருக்கு ப்ளைதான் சரி. ஈரத்துக்கு சாலிட் மரம் ஊதும், வெயில்ல சுருங்கும், சில சமயம் வெடிப்பே விடும், ப்ளை அந்த அளவுக்கு ஆட்டம் போடாது. கத்துக்கற காலத்துல இது ஒரு குறையே இல்ல, என்னை கேட்டா இதுவே ஒரு ப்ளஸ்.

இப்ப மார்க்கெட். சென்னைல பழைய எஃப்310 எக்கச்சக்கமா கிடக்கு, காரணம் சிம்பிள், லாக்டவுன்ல வாங்கினவங்க பாதிப் பேரு முதல்ல கத்துக்கற ஜி மேஜர் கார்டையே தாண்டல. பீரோ மேல தூசியோட இருக்கும், ஆன்சைட் கிளம்பறப்ப இல்ல வீடு மாத்தறப்பதான் ஞாபகம் வரும், ஃபோட்டோ எடுத்து போட்டுடுவாங்க. நமக்கு நல்லது. புதுசு பத்தாயிரத்தை ஒட்டி நிக்குது, பழசுக்கு அஞ்சுல இருந்து ஆறரை வரைக்கும் கேப்பாங்க, அதுக்கு மேல கேட்டா பேசாம வந்துடுங்க.

ஒரே கண்டிஷன், நேர்ல போய் கைல எடுத்து பாக்காம ஒத்த ரூபா அனுப்பாதீங்க. "நான் ஆர்மில இருக்கேன், டிரான்ஸ்பர் ஆயிடுச்சு, பாதி அட்வான்ஸ் போடுங்க கூரியர்ல வரும்"னு ஒரு குரூப் சுத்திட்டு இருக்கு, கிடார்லயும் இருக்கு. அவன் உண்மையான ஆளாவே இருந்தாலும் பழைய கிடார கூரியர்ல அனுப்பினா தலைப்பக்கம் உடைஞ்சு வர சான்ஸ் ஜாஸ்தி.

நான் பாத்தது வேளச்சேரில ஒரு காலேஜ் பையன்கிட்ட, நேச்சுரல் கலரு, செவுத்துல ஆணி அடிச்சு மாட்டி வெச்சிருந்தான். ஸ்ட்ரிங் எல்லாம் துரு, தொட்டா விரல்ல கருப்பு ஒட்டுது. அது பிரச்சனையே இல்ல, எப்படியும் மாத்தத்தான் போறோம், சொல்லப்போனா துருப்பிடிச்ச ஸ்ட்ரிங் பாத்தா எனக்கு சந்தோஷம், வாசிக்கவே இல்லன்னு அர்த்தம். செகண்ட் ஹேண்ட் பைக்ல கிலோமீட்டர் பாக்கற மாதிரி இங்க ஃப்ரெட்ட பாக்கணும். முதல் மூணு ஃப்ரெட்ல மெல்லிசு ஸ்ட்ரிங் ரெண்டுக்கும் கீழ கம்பில பள்ளம் விழுந்திருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. லேசா கோடு இருந்தா பரவால்ல, நகம் மாட்டற அளவுக்கு குழி இருந்தா ஃப்ரெட் வேலை செலவு வரும். இந்த பையன் கிடார்ல ஒரு கீறல் கூட இல்ல.

அடுத்தது ஆக்ஷன், அதாவது ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல இருக்கற உயரம். இதுக்கு அளக்கற ஸ்கேல் கூட வேணாம், பாக்கெட்ல ரெண்டு மூணு ஒரு ரூபா காயின் போதும். ரெண்டு காயின் அடுக்கினா கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். பன்னெண்டாவது ஃப்ரெட் மேல வெச்சு தடி ஸ்ட்ரிங்குக்கு கீழ தள்ளுங்க. ரெண்டு காயின் டைட்டா உரசினா கிடார் நல்லா இருக்கு, கத்துக்கறவங்களுக்கு 2.5 பக்கம் இருந்தா சொகம். இவன் கிடார்ல ரெண்டு போய் மூணாவதும் வழுக்கிட்டு உள்ள போச்சு. பையன் மூஞ்சி மாறிடுச்சு. "அண்ணா அது அப்படியேதான் வந்துச்சு"ங்கறான்.

இங்கதான் நிறைய பேர் ஒன்னு வேணாம்னு ஓடிடுவாங்க, இல்லைன்னா ஒன்னுமே தெரியாம வாங்கிடுவாங்க. உயரமா இருக்குன்னு தெரிஞ்சா போதாது, ஏன் உயரமா இருக்குன்னு பாக்கணும். தடி ஸ்ட்ரிங்க முதல் ஃப்ரெட்ல ஒரு கையாலயும் பதினாலாவது ஃப்ரெட்ல இன்னொரு கையாலயும் அமுக்குங்க, இப்ப அந்த ஸ்ட்ரிங்கே நேர்கோடு. ஏழாவது ஃப்ரெட்கிட்ட எவ்ளோ கேப் இருக்குன்னு பாருங்க. ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு இருந்தா கழுத்து நார்மல். இதுல மூணு கார்டு போற அளவுக்கு இருந்துச்சு, அதாவது வருஷக்கணக்கா ஃபுல் டென்ஷன்ல ஸ்ட்ரிங்க மாட்டியே தொங்க விட்டதுல கழுத்து முன்னாடி வளைஞ்சிருக்கு. பன்னெண்டு நம்பர் ஸ்ட்ரிங் செட் (நம்பர்னா மெல்லிசு ஸ்ட்ரிங்கோட தடிமன்) போட்டா மொத்த இழுவை எழுபது கிலோவுக்கு மேல, வளையாம என்ன பண்ணும். ஆனா எஃப்310ல ட்ரஸ் ராட் இருக்கு, சவுண்ட் ஹோல் வழியா ஆலன் கீ விட்டு திருகினா நேராகும், இது சரி பண்ணக்கூடிய நோய்.

சரி பண்ண முடியாத கேஸ் எதுன்னா, கழுத்து நேரா இருக்கு, பிரிட்ஜ் (உடம்புல ஸ்ட்ரிங்க மாட்டற கட்டை) மேல இருக்கற வெள்ளை சேடிலும் ஏற்கனவே தேச்சு தேச்சு கட்டையோட ஒட்டி இருக்கு, அப்பவும் ஆக்ஷன் உயரம்னா கழுத்தோட ஆங்கிளே போயிடுச்சு. அத கழட்டி ஒட்டற செலவுக்கு வேற கிடாரே வாங்கிடலாம். "தேங்க்ஸ் தம்பி"ன்னு சொல்லிட்டு கிளம்பிடுங்க. அதே மாதிரி பிரிட்ஜுக்கு பின்னாடி ஒரு பேப்பர் சொருகி பாருங்க, உள்ள போனா பசை விட்டுட்டு இருக்குன்னு அர்த்தம். மே மாச வெயில்ல கார்ல வெச்சு பூட்டிட்டு போன கிடார்ல இது சகஜம், கார்ல வெச்சிருந்தீங்களான்னு பேச்சோட பேச்சா கேட்டுடுங்க, உண்மையே வரும்.

கடைசியா போன்ல ஒரு ட்யூனர் ஆப் போட்டு ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் ஓப்பன்ல ட்யூன் பண்ணிட்டு பன்னெண்டாவது ஃப்ரெட்ல அமுக்கி அடிங்க, அதே நோட் ஒரு ஆக்டேவ் மேல வரணும். முள்ளு கொஞ்சம் தள்ளினா ஓகே, பழைய ஸ்ட்ரிங்ல தள்ளத்தான் செய்யும், ரொம்ப தள்ளி நின்னா யோசிங்க. அப்புறம் எல்லா ஃப்ரெட்லயும் ஒரு அடி அடிச்சு எங்கயாவது ஜிர்ருங்குதான்னு கேளுங்க. வாசிக்கத் தெரியலைன்னு கூச்சப்படாதீங்க, இதுக்கு ஜி மேஜர் மாதிரி கார்டு எதுவும் தெரிய வேணாம்.

பையன் 6,500 கேட்டான். மூணு காயின் கதைய வெச்சே பேசி 5,200க்கு முடிஞ்சுது, பேக் கொடுத்தான், கேப்போ (கழுத்துல மாட்டற க்ளிப்) ஒன்னு ஃப்ரீயா போட்டான்.

அடுத்து ராயப்பேட்டை பக்கம் ஒரு சின்ன ரிப்பேர் கடைக்கு கொண்டு போனேன். இந்த ஸ்டெப்ப யாரும் விடாதீங்க ப்ளீஸ், மொத்த ரிவ்யூல இது ஒன்ன மட்டும் ஞாபகம் வெச்சா போதும். அண்ணன் ட்ரஸ் ராட கால் சுத்து சுத்தி கொஞ்ச நேரம் விட்டு, திரும்ப கொஞ்சம் சுத்தினார், ஒரே அடியா திருகக்கூடாதாம். அப்புறம் சேடில வெளிய எடுத்து அடிப்பக்கத்த உப்புத்தாள்ல தேச்சார். பன்னெண்டாவது ஃப்ரெட்ல 1 மில்லிமீட்டர் இறக்கணும்னா சேடில்ல 2 மில்லிமீட்டர் எடுக்கணும், அதான் கணக்கு, மேல் பக்கம் தேச்சா வளைவு போயிடும். நட்ல ஸ்லாட் ரெண்டு கொஞ்சம் இறக்கினார். ஒரே விரல்ல எல்லா ஸ்ட்ரிங்கையும் அமுக்கற எஃப் பார் கார்டு முதல் ஃப்ரெட்ல உயிர் போகுதுன்னு எல்லாரும் அழுவாங்கல்ல, பாதி நேரம் நட் உயரமா இருக்கறதாலதான், விரல்ல பலம் இல்லாம இல்ல. செட்டப் 700, பத்து நம்பர் மெல்லிசு ஸ்ட்ரிங் ஒரு செட் 550. ஆக 6,450 ஆச்சு. பட்ஜெட் தாண்டின காசு என் தலைல, அது தெரிஞ்ச கதைதான்.

சரி சவுண்ட் எப்படி? மேல் ஸ்ட்ரிங் எல்லாம் தெளிவா, கணீர்னு வருது, ஸ்ட்ரம் பண்றப்ப நோட்டு குழம்பல, ஹால்ல அடிச்சா கிச்சன்ல கேக்குது. பேஸ் கொஞ்சம் மெலிசுதான், காஸ்ட்லி கிடார்ல வர்ற அந்த தொம்முங்கற ஃபீல் இதுல எதிர்பார்க்காதீங்க, பத்து நம்பர் ஸ்ட்ரிங் போட்டதால இன்னும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆறேழு மாசம் போய் விரல் காய்ச்சதும் பதினொன்னு, பன்னெண்டுக்கு மாறினா சவுண்டும் கனக்கும், ஆனா அப்ப திரும்ப ஆக்ஷன் செக் பண்ணணும். ட்யூனிங் நல்லாவே நிக்குது, புது ஸ்ட்ரிங் செட்டில் ஆகற வரைக்கும்தான் தொல்லை.

எனக்கு பிடிக்காதது உடம்பு சைஸ். அக்கா பொண்ணு ஒல்லியா குட்டியா இருப்பா, கிடார் மேல கை போட்டு உக்காந்தா தோள் மேல தூக்கிக்குது, அரை மணி நேரத்துல வலிக்குதுங்கறா. இந்த மாதிரி பெரிய உடம்பு, அதான் ட்ரெட்நாட் ஷேப், இதுல இது இருக்கத்தான் செய்யும். வாங்கறதுக்கு முன்னாடி மவுண்ட் ரோட்ல மியூசீ மியூசிக்கல் மாதிரி ஒரு பெரிய கடைக்கு போய் (1842ல இருந்து இருக்கற கடை, சும்மா பாக்கவே போகலாம்) புது கிடார் ரெண்டு மூணு மடில வெச்சு பாத்துட்டு வாங்க, சைஸும் தெரியும், நல்ல ஆக்ஷன்னா கைக்கு எப்படி இருக்கும்னும் தெரியும்.

எஃப்280 பத்தி கேப்பாங்க. ஷேப் அதேதான், விலை கொஞ்சம் கம்மி, யமஹா 2019ல சென்னைக்கு பக்கத்துல ஃபாக்டரி ஆரம்பிச்ச பிறகு நம்ம ஊர் பக்கமே கிடார் பண்றாங்க. ரெண்டும் ஒரே விலைல பழசா வந்தா பேர் பாத்து முடிவு பண்ணாதீங்க, எதுல கழுத்து நேரா இருக்கோ அத எடுங்க. பிக்கப் (ஸ்பீக்கர்ல சொருகி வாசிக்கற வசதி) வெச்ச மாடலுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் எக்ஸ்ட்ரா கேப்பாங்க, வேணாம், ஸ்டேஜ் ஏறப்ப பாத்துக்கலாம். பாதில விட்டுட்டாலும் யமஹான்னு எழுதி இருக்கற வரைக்கும் போட்ட காசுல பெரும்பகுதி திரும்பி வந்துடும், காம்போ கிடார் வாங்கினவன் அத ஃப்ரீயா கொடுத்தாலும் யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க.

எட்டு ஒம்பது வயசு பசங்களுக்கு இது வேணாம், கை எட்டாது. யமஹாவோட சின்ன சைஸ் கிடார் ஜேஆர்1 பழசு கிடைச்சா பாருங்க, ஸ்கேல் 540தான். விரல் ரொம்ப வலிக்கும்னு பயந்தா சி40 மாதிரி நைலான் ஸ்ட்ரிங் கிடார் எடுக்கலாம், கழுத்து அகலமா 52 மில்லிமீட்டர் இருக்கும், பழகிக்கணும். ஆனா நைலான் கிடார்ல முன்னாடி வெச்சிருந்தவன் ஸ்டீல் ஸ்ட்ரிங் மாட்டி இருக்கான்னு பாருங்க, மாட்டி இருந்தா எவ்ளோ சீப்பா கொடுத்தாலும் தொடாதீங்க, அந்த இழுவைக்கு அது செஞ்சதே இல்ல. இடது கைக்காரங்க "ஸ்ட்ரிங்க திருப்பி மாட்டிக்கலாம்"னு விக்கறவன் சொல்றத கேட்டு வாங்கிடாதீங்க, நட் ஸ்லாட்டும் சேடில் சாய்வும் ரெண்டுமே மாத்தணும், ரிப்பேர் கடைல விலை கேட்டுட்டு அப்புறம் பேரம் பேசுங்க.