விரலா, செவியா?

கொழும்பு வெள்ளவத்தையில் பார்வையற்ற ஒருவர் தமிழ் வாசிக்க விரும்பினால், திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் கைபேசியின் திரைவாசிப்பான், மேடெழும் புள்ளிகளை விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் என இரு வழிகள் உள்ளன. செய்திகளுக்கு முன்னதே விரைவானது. காலி வீதிப் பேருந்து இரைச்சலில் அது கேட்குமா என்பது வேறு விடயம்.

எழுதக் கற்பவருக்கோ பிரெயிலையே பரிந்துரைப்பேன். நம்மில் பலரது நாவில் ‘வாழை’யும் ‘வாளை’யும் ஒன்றாகவே ஒலிப்பதால், செவிவழி மட்டும் கற்பவருக்கு எழுத்துக்கூட்டல் தெளிவதில்லை. லூயி பிரெயில் 1824இல், 15 வயதில் வகுத்த ஆறு புள்ளிகள் தரும் 63 வடிவங்களில் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் தனித்தனி வடிவங்கள் உள்ளன. ‘கெ’யில் அச்சில் முன்னே நிற்கும் கொம்பும், பிரெயிலில் ஒலிக்கும் முறைப்படி மெய்யின் பின்னரே வருகிறது. தடித்த தாளில் நூல்கள் பருத்துப்போவதே அதன் குறை.